கௌசிகா தேடுன பக்கம்

இல்லீங்க தம்பி, எந்திரிக்காதீங்க, நீங்க உங்க ஒயரப் பாருங்க. நான் இந்த ஃபேனுக்கடியில செத்த உக்காந்துக்கறேன். பெரிய டீச்சர் மீட்டிங்ல இருக்காங்களாமா, கம்ப்யூட்டர் ரூம்ல உக்காருங்கன்னு பியூன் சொல்லிப்போட்டாரு. ஆமாங்க, இங்க படிக்கற புள்ளயோட அம்மாதான். கௌசிகான்னு பேரு. பிளஸ் டூ. வடகரப்பதிப் பக்கந்தான் எங்கூடு.

இதுதானுங்களா அந்தப் பொட்டி? நான் என்னமோ பீரோ கணக்கா இருக்கும்னு நெனைச்சேன். டிபன் பாக்ஸ் அளவு இருந்துக்கிட்டு இந்தப் பாடு படுத்துது! புள்ளைக இண்டர்நெட்டுல என்ன தேடுனாலும் மொதல்ல இதுகிட்டக் கேட்டுட்டுத்தான் போகோணுமாமா. கெட்டது வந்தா நிறுத்திப்போடுமாமா. நல்லதுதானுங்க. வயசுப் புள்ளைக படிக்கற எடம், வேலி வேண்டாம்னு யாரு சொல்றா?

ஏனுங்க தம்பி, கெட்டது எதுன்னு அதுக்கு எப்புடித் தெரியுமுங்க? ஓ, வார்த்தையெல்லாம் நீங்களே எழுதிக் குடுத்துருவீங்களா. தமிழு, மலையாளம் எல்லாத்துலயுமா? அட, தேவலையே.

அதான் பாருங்க, எம்புள்ள எங்க தென்னந்தோப்பப் பத்தி ப்ராஜெக்டு எழுதோணும்னு கள்ளுன்னு அடிச்சிருக்குது, போ அக்கட்டாலன்னுருச்சாமா. எங்கூட்டுக்காரரு தோப்பக் கள்ளு எறக்கத்தானுங்க உட்டிருக்கறாரு. பார்டருக்கு இந்தப் பக்கம் பாதித் தோப்பு அப்புடித்தான், மலையாளத்துக் கவுருமெண்டே லைசென்ஸ் குடுக்குது. பொட்டி குடுக்கமாட்டேங்குது. நான் வேலை செய்யற பால் சொசைட்டியிலயும் இதே மாதிரி ஒண்ணு வெச்சிருக்கறாங்க. மாட்டுக்கு மடி வீங்கிருச்சு, என்ன மருந்துன்னு ஆபீஸுப் புள்ள தேடுனா, அதுவும் ஆபாசம்னுருச்சு. மாட்டோட மடி தம்பி! பால் கேனக் கீழ வெச்சுட்டு நாங்க பொம்பளைக அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சவதான்.

அப்பறம் எம்புள்ள மாட்டுச்சு. போன வருசம் மழைக்காலம். பெரிய டீச்சர் போன் பண்ணி ஒடனே வாங்கன்னாங்க. இதே ரூமுலதானுங்க, அந்த மேசைக்கு முன்னாடி நிக்க வெச்சிருந்தாங்க. மார்பு அது இதுன்னு திரும்பத் திரும்பத் தேடியிருக்குது, எனக்கு வாயில சொல்லவே கூசுது, ஊட்டுல கொஞ்சம் பாத்து வளக்கோணும்னாங்க. அவங்களக் கொறை சொல்லலீங்க. பொட்டி சொன்னத அவங்க சொன்னாங்க. புள்ள தலையத் தூக்கவே இல்ல. எதுக்கு கண்ணு தேடுனேன்னு கேட்டேன், பையத் தூக்கிட்டு வெளிய ஓடிட்டா. க்ளாஸுப் பசங்க அவளுக்கு ஒரு பேரு வெச்சானுக. அத நான் சொல்லமாட்டேன்.

போன்ல பாத்திருக்கலாமேங்கறீங்களா? ஊட்டுல இருக்கறது ஒரே நல்ல போனு. அது காலையிலயே அவங்கய்யன் சட்டைப்பையில தோப்புக்குப் போயிரும். அப்பன் போன்ல போய் ஒரு பொட்டப்புள்ள இத அடிச்சுப் பாக்குமுங்களா? படிக்கற எடந்தான் பத்திரம்னு நெனைச்சிருக்குது, பாவம்.

வெள்ளிக்கெழமையானா எண்ணெய் வெச்சுத் தண்ணி வாத்துக்குவேனுங்க. அவதான் முதுகு தேச்சு உடுவா. பெரிய டீச்சர் என்னயக் கூப்புடறதுக்குக் கொஞ்ச நாள் முந்தி, அப்புடித் தேய்க்கறப்ப கக்கத்துக்குக் கீழ, மார்ல ஒரு கட்டி அவ வெரல்ல தட்டுப்பட்டுருச்சு. என்னம்மா இதுன்னா. சூட்டுக் கட்டி போடின்னேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்மான்னா. மாரியாத்தாளுக்கு வேண்டியிருக்கறேன், எல்லாம் அவ பாத்துக்குவான்னேன். நோம்பியப்பக் கோயில் வாசல்ல வெள்ளித் தகடு விப்பாங்கல்லங்க, கண்ணு, காலு, கை, வவுறுன்னு? எந்த எடத்துல நோவோ அந்தத் தகட வாங்கி உண்டியல்ல போடறது. மார்த் தகடும் இருக்குமுங்க. ஆம்பளைகதான் விக்கறாங்க, பக்கத்துல ஆம்பளைக நிக்கறப்பவே எடுத்துப் பாத்து வாங்கறோம், ஒருத்தரும் மொகஞ் சுளிக்கறதில்ல. நானும் வாங்கி எம்புள்ள கையிலதான் குடுத்தேன். அவதான் உண்டியல்ல போட்டா. ஆத்தாளுக்கு அசிங்கமாத் தெரியாதது இந்த டிபன் பாக்ஸுக்கு அசிங்கமாத் தெரிஞ்சிருச்சு பாருங்க.

அவ தேடுனது இதத்தான்னு எனக்கு அன்னைக்குத் தெரியாதுங்க. அப்பறம் வலி தாங்காம இந்த வருசம் கோயமுத்தூருக்குப் போனோம். டாக்டரம்மா ஸ்கேனப் பாத்துட்டு, போன வருசமே வந்திருந்தா கட்டிய எடுத்து உட்டிருக்கலாமேம்மான்னுட்டாங்க. புள்ள பக்கத்துலயே நிக்குது. அவங்க என்னத்தக் கண்டாங்க, மனசுல பட்டதச் சொல்லிப்போட்டாங்க. அப்பத்தான் வெடிச்சா. அம்மா, அன்னைக்கு நான் இதத்தாம்மா தேடுனேன், தொறக்கலம்மான்னு ஆஸ்பத்திரித் தரையில உக்காந்து அழுதா. தூக்கறதுக்கு எங்கையில தெம்பு இல்ல.

அதுக்கப்பறம் பள்ளிக்கூடம் வர்றதில்லீங்க. கஞ்சி வெச்சுக் குடுக்கறா, மாத்திரை எடுத்துக் குடுக்கறா, போய்ச் சொவத்தப் பாத்து உக்காந்துக்கறா. அது மட்டும் தொறந்திருந்தா உன்னய இழுத்துட்டாச்சும் போயிருப்பேம்மா, எல்லாரும் சிரிச்சாங்கன்னு மறுக்காத் தேடாம உட்டுட்டேம்மா, நாந்தான் உன்னய...ங்கறா. அதுக்கு மேல சொல்லமாட்டா. நீ இழுத்தாலும் நான் வந்திருக்கமாட்டேன்டி, என்னோட பிடிவாதம் உனக்குத் தெரியாதாங்கறேன். எனக்காக நீ பொய் சொல்றேம்மான்னு மொகத்தத் திருப்பிக்கறா. பதினேழு வயசுப் புள்ளைங்க. அம்மாளத் தானே கொன்னுபோட்டதா நெனைச்சுக்கிட்டுத் திரியுது.

அய்யோ, நீங்க எதுக்குங்க கண்ணத் தொடைக்கறீங்க? உங்களத் திட்ட வரலீங்க. பொட்டியக் கழட்டுங்கன்னும் வரல. பெரிய டீச்சரப் பாக்கக் கூட வரல. இன்னைக்குப் பொட்டிக்காரரு வர்றாருன்னு பியூன் சொன்னாரு, உங்களப் பாக்கத்தான் பஸ் ஏறி வந்தேன்.

வேலை முடிஞ்சதும் எங்கூட ஊடு வரைக்கும் வரோணுமுங்க. வந்து, நாந்தாம்மா அந்தப் பொட்டி வெச்சவன், நீ தேடுன பக்கத்த நான் தொறந்து பாத்தேன், அதுல ஒண்ணுமே இல்ல, சோப்பு வெளம்பரமும் சினிமாக் கதையுந்தான் இருந்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நீங்க சொன்னா நம்புவா.

ஆமாங்க, பொய்யிதான். ஆனா இன்னைக்கே சொல்லிப்போடுங்க தம்பி. நான் கண்ண மூடுனதுக்கப்பறம் வந்து சொன்னீங்கன்னா, ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு கண்டுபுடிச்சுருவா.