நேரில் பார்த்தேன்

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ நன்றாகவே இருந்தது, இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரைதான் சற்றுத் தூக்கல். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, பார்த்துத்தான் குடிக்க வேண்டியிருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டை அடமானமாக எழுதி வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கும் நிறுவனத்தில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. தவணை நின்றுபோனால் வழக்கு. கடன் கொடுத்தவன் கோர்ட்டுக்குப் போனாலே வீடு கைக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. கடன் வாங்கியவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் அசல் வேண்டும், நகலைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அடமானப் பத்திரம் வேண்டும். எந்த மாதம் கட்டினார், எந்த மாதம் கட்டவில்லை என்ற விவரம் வேண்டும். நோட்டீஸ் அவர் கையில் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒப்புகை அட்டை வேண்டும். இத்தனையும் இருந்தாலும் காகிதம் வாய் திறந்து பேசாது. இதையெல்லாம் நான் நேரில் பார்த்தேன் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான்.

ஆபீசில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நேர்ல சார், கையெழுத்துப் போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். வாரத்துக்கு நாற்பது பிரமாணப் பத்திரம். திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவேன். நாற்பது வீட்டுக்கும் எப்படிப் போய் வந்தீர்கள் என்று கேட்கிறீர்கள். முதல் வருடம் போனேன். ஒரு வீட்டில் நாய் துரத்தியது, இன்னொரு வீட்டில் அம்மா ஒருத்தி அழுதுகொண்டே காலைப் பிடித்துவிட்டாள். இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை. அதற்குப் பிறகு மேசையிலிருந்தே பார்க்கப் பழகிக்கொண்டேன். இதுவரை ஒரு வழக்கும் தோற்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

நீங்கள் கேட்கும் வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. அண்ணனின் வைத்தியத்துக்காக வீட்டை அடமானம் வைத்திருந்தார். ஒருநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், எங்கண்ணன் படுத்த படுக்கையா இருக்காரு. பேச்சும் வராது. ஒரு ரெண்டு மாசம் பொறுத்துக்கங்க சார்."

உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். பொறுப்பதும் பொறுக்காததும் என் கையில் இல்லை என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். நான் யாரிடமும் எரிந்து விழுந்ததில்லை, விசாரித்துப் பாருங்கள்.

அவருடைய கோப்பில் ஒப்புகை அட்டை இல்லை. நோட்டீசை அனுப்ப மறந்துவிட்டோம், என் இழுப்பறையிலேயே கிடந்தது. இனிமேல் அனுப்பினால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே அட்டையை நானே பூர்த்தி செய்து, ஒப்பந்தத்தில் இருந்த அவர் கையெழுத்தைப் பார்த்துப் போட்டேன். கோர்ட்டிலிருந்து அவருக்கு வந்த சம்மனையும் அப்படியே நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். வழக்கு நடப்பதே தெரியாததால் அவர் வரவில்லை. தீர்ப்பு எங்கள் பக்கம்.

வீட்டைப் பூட்டி சீல் வைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு சான்று தர வேண்டும். "வீட்டை நேரில் பார்வையிட்டேன். உள்ளே ஆட்கள் யாரும் இல்லை." அந்தத் திங்கட்கிழமை எழுதிய நாற்பதில் அது பதினேழாவது. இதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, பாருங்கள்.

புதன்கிழமை காலை கோர்ட் ஆட்கள் வந்து பூட்டினார்கள். தையல்காரம்மா அப்போது ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தார். அண்ணனுக்கு இரண்டு வேளை சோறு கொடுக்கும்படி எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பூட்டியவர்கள் முன்னறையோடு திரும்பிவிட்டார்கள். உள்ளே ஆள் இல்லை என்று நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேனே, பின்னறை வரை அவர்கள் ஏன் போக வேண்டும்? கதவில் என் சான்றின் நகலை ஒட்டினார்கள், அடியில் என் போன் நம்பர். சாவி என்னிடம் வந்தது. மறுநாளிலிருந்து நான்கு நாள் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை.

புதன் மதியமே எதிர்வீட்டு அம்மா போன் செய்தார். "ஐயா, சோத்தோட வந்தேன், பூட்டிக் கெடக்கு. அண்ணன எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

அந்த நிமிடம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு நிதானமாக யோசித்தேன். கதவைத் திறந்தால் சான்று பொய் என்றாகும். ஒன்று பொய் என்றால் மற்றதையும் கிளறுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் பல்லாயிரம் வீடுகள். அத்தனை தீர்ப்பும் ஆட்டம் கண்டுவிடும். ஒருவருக்காக இத்தனை பேருடைய நிம்மதியைக் கெடுக்கலாமா?

"உள்ள யாரும் இல்லம்மா. நானே நேர்ல பாத்தேன்" என்றேன்.

"அப்படியா? அப்ப தங்கச்சிதான் ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிருக்கும் போல. நீங்க சொன்னா சரிங்க."

அவர் என்னை நம்பினார். சத்தியத்துக்கு ஊரில் இன்னும் மதிப்பு இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். பாதி சொன்னேன்.

"ரெண்டு பஸ் ஸ்டாப்புதானே? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்."

"பாத்துட்டேன்னு எழுதிக் கொடுத்தாச்சு. மறுபடி எதுக்குப் பாக்கணும்?" என்றேன். அவளுக்கு ஆபீஸ் நடைமுறை புரியாது. சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை தையல்காரம்மா கைத்தடியோடு நேரே வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தாரை வைத்துப் பூட்டை உடைத்திருக்கிறார். மீதி உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. வியாழக்கிழமை ராத்திரிக்கு மேல்தான் உயிர் போயிருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரிதான்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? வியாழக்கிழமை மதியம் எதிர்வீட்டு அம்மா மறுபடியும் போன் செய்தார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. பின்பக்கம் ஏதோ தட்டுற சத்தம் கேக்குது. விட்டு விட்டுக் கேக்குது."

பூனையாக இருக்கும் என்றேன். நீங்கள் அதைப் பொய் என்று எழுதிக்கொள்கிறீர்கள், தயவுசெய்து அடித்துவிடுங்கள். ஆள் யாரும் இல்லை என்றுதான் நான் சத்தியம் செய்திருக்கிறேன். பூனை இல்லை என்று எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை.