நான்கு திருகாணிகளுக்கு உங்கள் கை

எட்டுத் தறியின் இரைச்சலையும் ஒரே அதட்டலில் அடக்கும் எங்கள் தலைவர் பெருமாயி அம்மையார் அவர்களே, ஷிப்டு முடிந்த கையோடு தலையில் ஒட்டிய பஞ்சையும் தட்டாமல் வந்திருக்கும் பெரியோர்களே, மடியில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாய் வீற்றிருக்கும் குமாரபாளையத்துத் தாய்மார்களே, வணக்கம்.

நம் தெருப் படிப்பகத்துக்குப் பிள்ளைகள் கையில் வைத்து விளையாடும் பத்து வீடியோ கேம் பெட்டிகள் வாங்கப் போகிறோம். எதை என்பதற்கு இன்னும் சற்று நேரத்தில் கைதூக்கப் போகிறோம். ஒன்று, பசைபோட்டு ஒட்டிய பளபளப்புப் பெட்டி. மற்றொன்று, ஓப்பன் ஹார்டுவேர். உள்ளே எது எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தைச் செய்தவரே ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்ட, திருகாணி கழற்றித் திறக்கிற பெட்டி. இரண்டும் மலிவுதான்.

முன்வரிசையில் சித்ரா அக்கா கேட்கிறார்: "ஏனுங்க அனிதா, வெளையாடற சாமானுக்கு வரைபடம் எதுக்குங்க? புள்ளைங்க அதையா வெளையாடப் போவுது?"

நானும் அப்படிக் கேட்டவள்தான் அக்கா. போன வருடம் என் மகள் யுவஸ்ரீக்கு ஒரு பெட்டி வாங்கினேன். எத்தனை கேம் என்று கேட்டேன். என்ன நிறம் என்று கேட்டேன். திறக்குமா என்று கேட்டேனா? ஒரு திருகாணிகூட இல்லை, பிள்ளை விழுங்க எதுவுமில்லை என்று மகிழ்ந்தல்லவா வாங்கினேன்!

ஆறே மாதம். பேட்டரி வீங்கி, பெட்டியின் முதுகு உப்பியது. தறி மெக்கானிக் மணியன் அண்ணனிடம் ஓடினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மிணி, இதைத் தொறக்க வழியே இல்லீங்க. நெம்புனா பேட்டரி கிழிஞ்சு தீப்புடிக்கும். தறி வாங்கறப்ப பார்ட்ஸ் கெடைக்குமான்னு நாலு ஊர்ல விசாரிக்கறீங்க. புள்ளைக்கு மட்டும் வழவழன்னு இருந்தாப் போதுமுங்களா?"

கைதட்டாதீர்கள், திட்டு வாங்கியது நான். வீட்டுக்குள் வைக்கவும் பயம், குப்பையில் போடவும் பயம். மணல் வாளியில் வைத்து மொட்டை மாடியில் காவல் காத்தேன்.

நாம் யார்? எந்தப் பட்டறையில் செய்த தறிக்கும் உள்ளூர் லேத்திலேயே உதிரிபாகம் கடைந்து ஓட்டுகிறவர்கள். எஞ்சினும் அடிச்சட்டமுமாய் வெறும் சேஸிஸாக வரும் லாரிக்குக் கூண்டு கட்டி அனுப்புகிற மாவட்டத்துக்காரர்கள். திறக்க முடியாததைத் தறிக்கூடத்தில் ஏற்போமா? லாரிப் பட்டறையில் ஏற்போமா? பிள்ளையின் கையில் மட்டும் ஏன் ஏற்கிறோம்?

இதோ இரண்டாவது பெட்டி. இதோ ஸ்க்ரூ டிரைவர். தலைவர் அவர்களே, தறியைத் தவிர எதையும் கழற்றியதில்லை என்று சற்றுமுன் சொன்னீர்கள். இதைத் திறந்து பாருங்கள். ஒன்று. இரண்டு. யுவஸ்ரீ, தட்டை நீட்டம்மா, திருகாணி கீழே விழக்கூடாது. மூன்று. நான்கு. திறந்தாயிற்று. பெட்டி ஒரு கையில், பேட்டரி மறு கையில். வரைபடம் இருப்பதால் இனி எது பழுதானாலும் மணியன் அண்ணனே மாற்றிவிடுவார்.

"இவ்ளோதானா சாமி?" என்கிறார் தலைவர்.

இவ்வளவுதான் அம்மா. இந்த இவ்வளவுக்காகத்தான் இத்தனை பேச்சு. பொறுத்திருந்து கேட்டீர்கள், நன்றி. பிள்ளையைப் பிடித்திருக்கும் கையை விடாதீர்கள் தாய்மார்களே. இந்தத் திறக்கும் பெட்டிக்கு மறு கையைத் தூக்குங்கள். வணக்கம்.