ஓர் இலையளவு மண்

நெடுங்காலத்துக்கு முன், பிஜியின் பெருந்தீவுக்குக் கிழக்கே, மணற்காரை என்றொரு சின்னஞ்சிறு தீவு இருந்ததாம். கரும்புத் தோட்டத்தில் கூலி ஒப்பந்தம் முடிந்த நம் மக்கள் அங்கே குடியேறினார்களாம். முதலில் வந்தவர்கள் ஒருவரையொருவர் கூவித்தான் அழைக்க வேண்டும், அவ்வளவு வெளி. பிள்ளை பெருகியது; பிள்ளைக்குப் பிள்ளை பெருகியது. பிறகு இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் 'நூறு' என்று வாழ்த்துவார்களாம், அவ்வளவு நெருக்கம்.

நிறைந்த தீவை ஒரே புயல் வெறுமையாக்கியது. கடல் ஏறிக் கிணறுகள் உப்பாயின. எல்லாரும் பெருந்தீவுக்குப் படகேறினார்கள். செங்கேணி என்னும் கைம்பெண் மட்டும் ஏறவில்லையாம்.

"ஒத்தையில இங்க யாரோட சண்டை போடப்போறீங்க, அண்ணி?" என்றானாம் கொழுந்தன் வடமலை.

"காத்தோட போட்டுக்கறேன். கெணறு இனிச்சதும் வந்து சேருங்க. வந்து நிக்க மண்ணு இருக்கணுமில்ல?"

அவள் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆளில்லாத தீவைத் துரைமார் கொப்பரை முதலாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆள் உண்டா என்பதைக் கப்பலிலிருந்தபடி, அடுப்புப் புகையைப் பார்த்தே முடிவு செய்வார்களாம்.

மழைநீரைக் குடித்தாள், ஈரப்பலா மரத்துக் காயைச் சுட்டுத் தின்றாள். ஒரு காலையில் கப்பல் தெரிந்தது. ஓடினாள். ஒரு வீட்டில் அடுப்பை மூட்டினாள், ஓடினாள், அடுத்த வீட்டில் மூட்டினாள், ஓடினாள். தீவே புகைந்ததாம்! அப்போதும் அவள் மனம் ஆறவில்லை. அடுப்பு எரிந்தால் ஆள் உண்ண வேண்டாமா? வாசல்தோறும் ஈரப்பலா இலைகளைப் பரப்பினாள். "வடமலை, உக்காருப்பா. பொன்னுருவி, இது உனக்குடி" என்று, போனவர் பெயரையெல்லாம் சொல்லி, இலைக்கொரு விள்ளல் வைத்தாளாம்.

கப்பலில் வந்த துரைக்கு ஐயம். புகை தெரிகிறது, ஆள் தெரியவில்லையே! தெவிதாவை அனுப்பினார். தெவிதா பிஜிக்காரன், நம்மவரோடு கரும்பு வெட்டித் தமிழ் கற்றவன். கரையேறினான். இலை, இலை, எங்கும் இலை. நடுவே கரிபடிந்த முகத்தோடு ஒருத்தி.

"அக்கா, நீ ஒருத்திதானா?"

"கண்ணு தெரியலையா? பந்தி நடக்குது. எலையைத் தாண்டாதே!"

தூக்கிய காலை அவன் அப்படியே பின்னால் வைத்தானாம். பெயர் சொல்லிப் போட்ட இலையை எப்படி மிதிப்பது? முதுகைக் காட்டாமலே நடந்து படகேறினான்.

"ஆள் இருக்கிறார்களா?" என்று கேட்டார் துரை.

"கால் வைக்க இடமில்லை, துரை."

கப்பல் திரும்பியது. மழை பெய்து பெய்து கிணறு இனித்தது. போனவர்கள் வந்தார்கள், முன்னிலும் பெருகினார்கள். இன்று மணற்காரையில் கூரையோடு கூரை உரசுகிறது என்பார்கள். ஆயினும், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் இலையளவு மண்ணில் எவரும் கல் நடுவதில்லை. 'இந்த நெருக்கடியில் இதை ஏன் விட்டீர்கள்?' என்று வெளியார் காலெடுத்து வைத்தால், நடைபழகும் குழந்தைகூடத் தடுக்குமாம்:

"சுத்திப் போங்க. எலை போட்டிருக்கு."

அந்த மண்ணுக்குச் செங்கேணி இலை என்று பெயர். இன்னும் வராதவர்களுக்காக அவள் போட்டது.