தட்டிப் பார்த்த தகடு

இரும்பில் வேலை செய்வது சுலபம், ஐயா. தப்புச் செய்தால் கீச்சென்று கத்தி ஊரைக் கூட்டிவிடும். கார்பன் ஃபைபர் அப்படியில்லை. துணி துணியாக அடுக்கி, பசையில் ஊறவைத்து இறுக்கிய பொருள். மழுங்கிய டிரில்லை விட்டால் இழையை அறுக்காது, முட்டித் தள்ளும். மறுபக்கம் வெளியே வரும்போது அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடும். மேலே பார்த்தால் துளை வட்டமாக, அழகாகத்தான் இருக்கும்.

நாங்கள் செய்வது செயற்கைக் காலுக்கான பாதத் தகடு. நாற்பது துளைக்கு ஒரு டிரில் என்பது முறை. கெட்டுப்போன தகட்டை வாசல் சுவரில் மாட்டி, செய்தவன் பெயரை எழுதிவைப்பார்கள். பதினோரு வருடத்தில் என் பெயர் அங்கே ஏறியதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு மேலாளர் என்னைத்தான் காட்டுவார். அதில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது, ஒளிக்கவில்லை.

அன்று நாற்பது தாண்டியது தெரிந்தும் டிரில்லை மாற்றவில்லை. வெறும் சோம்பல். ஐம்பத்திரண்டாவது துளையில் பிசிறு எட்டிப் பார்த்தது. பிளேடால் சீவி, பசை தடவித் துடைத்தேன். பிறகு ஒரு நாணயத்தால் தட்டினேன். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். இது டொக்கென்றது.

சோதனை மேசையில் இருப்பவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். அவரும் நாணயத்தால் தட்டித்தான் பார்ப்பார். ஆனால் அவருக்கு இரண்டு வருடமாகக் காது மந்தம். வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் சிரிப்பார். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவர் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் கீழே போட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. யாரிடமும் நான் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட. வேலை போனால் மனிதர் ஒடிந்துபோவார்.

தகட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டினார். என் முகத்தைப் பார்த்தார். தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

நான்கு மாதம் தாங்கியது. அதை அணிந்திருந்த பெண் மாடிப்படி இறங்கும்போது துளையருகே பிளந்தது. அவள் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. அவள் பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் படி இறங்கினாலும் என் கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிறது.

கையெழுத்து அவருடையது என்று நீங்கள் மச்சானை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவதற்கு முந்தைய நாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை, கதவருகிலேயே நின்றார்.

"மாப்ள, நீங்க பக்கத்துலதான நின்னீங்க. சத்தம் சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு, மச்சான்."

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாக இல்லை, ஐயா. என் காதில் தெளிவாக விழுந்தது. அவருக்கு விழாது என்று தெரிந்துதான் அவரிடம் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், அந்தக் குழந்தையைக் கொன்றது நான்.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டாம். மச்சானுக்குக் காது கேட்காது என்பதை. அதை விட்டுவிட்டால் அவரும் தெரிந்தே கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும் என்கிறீர்கள். பரவாயில்லை, ஐயா. இத்தனை நாள் அவர் மானத்தைக் காப்பாற்றி வந்தவன் நான்.