வாழைக்குருத்துப் பச்சை

நிறங்களில் எனக்கு வாழைக்குருத்துப் பச்சைதான் பிடிக்கும், சார். கண்ணை உறுத்தாது.

எங்கள் ஆலையிலிருந்து வாயு கசிந்தால் சுற்றியிருக்கும் குடியிருப்புகளுக்குத் தெரியப்படுத்தும் செயலிதான் நீங்கள் விசாரிப்பது. நான்தான் எழுதினேன். அறிவிப்பு மேலே எழுத்தில் வரும். திரையின் அடியில் பொத்தான்கள் இருக்கும் நேவிகேஷன் பார், காற்று சுத்தமாக இருந்தால் பச்சையாகவும் கசிவு இருந்தால் சிவப்பாகவும் மாறும். முகத்துவாரக்குப்பத்தில் மீன் விற்கும் பெண்கள் பலருக்குப் படிக்க வராது. ஒவ்வொருவர் போனிலும் நானே ஏற்றிக்கொடுத்து, எழுத்தை விடுங்கள், கீழே இருக்கும் பட்டையைப் பாருங்கள், சிவந்தால் உடனே கிளம்பிவிடுங்கள் என்று சொன்னேன். அதுவரை மூக்கை நம்பியவர்கள் பட்டையை நம்பத் தொடங்கினார்கள். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

மங்கம்மாவுக்கு மற்றவர்களைவிட நம்பிக்கை அதிகம். அவள் மகள் மோகனப்ரியா ஆறாவது படித்தாள், வீசிங் உண்டு. இரண்டு முறை பட்டை சிவந்தபோது பிள்ளையை இழுத்துக்கொண்டு எர்ணாவூரில் எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாள் வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வாள்.

போன மாதம் மேலாளர் பக்தவச்சலம் கூப்பிட்டார். அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நேரத்தில் ஊரார் போனெல்லாம் சிவப்பாகக் காட்டினால் நன்றாக இருக்காது, அந்தப் பட்டை எப்போதும் கம்பெனி நிறமான பச்சையிலேயே இருக்கட்டும் என்றார். என் வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருந்தது. ஒரு வரிதான், மாற்றி, ஊரார் போன்களில் புதியதை ஏற்றினேன். எழுத்தை நான் தொடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'உடனே வெளியேறவும்' என்று தெளிவாகவே வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மங்கம்மா போன் செய்தாள்.

"நைனா, கண்ணு எரியுது, நெடி வேற அடிக்குது. ஆனா பட்ட பச்சையாத்தான் கீது. புள்ளைய வூட்ல வுட்டுட்டு மார்க்கெட்டுக்குப் போலாமா?"

"பச்சைன்னா பயம் இல்லக்கா. போய்ட்டு வா."

வேறென்ன சொல்ல முடியும்? செயலி ஒன்று காட்ட, அதை எழுதியவனே வேறொன்று சொன்னால் அப்புறம் யார் நம்புவார்கள்? பதினொரு மணிக்கு அவள் திரும்பியபோது பிள்ளை கதவருகே கிடந்ததாம். எனக்கும் வருத்தம்தான். மங்கம்மா நாலெழுத்து படித்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

என் போனைக் கேட்டீர்கள். இந்தாருங்கள். இதில் பழைய செயலிதான் இருக்கிறது, புதியதை ஏற்ற நேரமே கிடைக்கவில்லை. அன்று ஆறரைக்கே பட்டை சிவந்துவிட்டது. மங்கம்மா கூப்பிட்டபோது நானும் என் மகளும் ஆலையிலிருந்து வெகுதூரம் தள்ளி, வியாசர்பாடியில் மாமியார் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.