பாப்பரசருக்கு ஏற்றிய மெழுகுதிரி

பாப்பரசர் மரணப்படுக்கையில் கிடந்த வாரம், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்து ட்ராமில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். பொட்டு வைத்திருந்தவர் சொன்னார்:

"மனுசன் இந்த ஞாயிறைத் தாண்டினால் காணும், அக்கா."

சிலுவைச் சங்கிலி போட்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்டைக்குத்தான் மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. மண்டபம் உங்கட சேர்ச்சின்ர. அவர் போயிட்டால் துக்கமெண்டு தரமாட்டினமாம். சீவன் நிக்கவேணுமெண்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்."

"நாங்கள் அந்தாள் இனியும் இழுபடாமல் போகட்டுமெண்டு மன்றாடுறம், தங்கச்சி. மூச்செடுக்கவும் ஏலாமல் கிடக்கிறார்."

பொட்டு வைத்தவர் எழுந்தார். பிறகு இறங்குவதற்கு மணியை அழுத்தினார்.

"வீடு இன்னும் வரேல்லையே."

"சேர்ச்சடியில இறங்கிறன், அக்கா. அந்த மெழுகுதிரியை ஊதி நூத்துப்போட்டு வாறன்."