தெரியாதுன்னு சொன்ன தெரு

செயலாளர் அய்யா கடிகாரத்தைப் பாக்குறார். பயப்படாதீங்க அய்யா, குட்டிக் கதைதான்... சொல்லிட்டு உட்கார்ந்துடுறேன். இத்தனை மாடி, இத்தனை வீடு இருக்கிற ஒரு குடியிருப்போட ஆண்டு விழாவுல இந்தக் கதையைச் சொல்லலேன்னா, வேற எங்கே சொல்றது?

எல்லாரும் கண்ணை லேசா மூடிக்குங்க. கடல்... விடியப்போற நேரம். அலையே இல்லை. ஒரு வள்ளம் தொட்டில் மாதிரி ஆடுது. அதுல ஒருத்தன் மல்லாந்து படுத்திருக்கான். பேரு இன்னாசி. தலைக்கு மேலே, ரொம்ப ரொம்ப உயரத்துல, ஒரு விமானம் சத்தமே இல்லாம மேற்கே போகுது. அதையே பாத்துக்கிட்டு அப்படியே கண் அசந்துடுறான். தூக்கத்துல மேகத்து மேலே நடக்குறான்... ஈரக்காலோட. நடந்து நடந்து ஒரு கதவுகிட்ட வர்றான். உள்ளே ஒரு குழந்தை அழுவுது. கதவைத் தள்ளுறான்... திறக்கலை. தினமும் இதே கனவு. தினமும் அந்தக் கதவு திறக்கலை.

ஏன் இப்படி ஒரு கனவு? அவன் பொண்டாட்டி ஜெசிந்தா மஸ்கட்டுல நர்ஸ். லீவுல ஊருக்கு வந்துட்டுப் போனவ, இப்போ மாசமா இருக்கா. முதல் பிள்ளை அங்கேயே பிறந்து, அங்கேயே போயிருச்சு. பக்கத்துல ஒரு ஆள் இல்லை, தனியா அழுதிருக்கா அந்தப் பொண்ணு. இந்தத் தடவை விமானம் ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அவளால வர முடியாது... அப்போ யார் போகணும்? இன்னாசி போகணும். பிரசவத்துக்கு நான் வந்துடுறேன்னு போன்ல வாக்குக் கொடுத்துட்டான்.

வாக்குக் கொடுத்தாப் போதுமா? பாஸ்போர்ட் வேணுமே. சின்ன ஊர்தான், ஆனா பக்கத்து டவுன் தபாலாபீசுலயே இப்போ பாஸ்போர்ட்டுக்கு மனு போடலாம். போனான். ஆதார் கார்டு இருக்கு, பேங்க் பாஸ்புக் இருக்கு, பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட் இருக்கு. போட்டோ எடுத்தாங்க, கைரேகை எடுத்தாங்க. எல்லாம் சரியா இருக்கு, இனி போலீஸ் விசாரணை மட்டும்தான்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

இங்கேதான் இன்னாசி ஒரு காரியம் பண்ணான். தெருவுல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை. ஏன்? கண்ணு பட்டுரும். சிரிக்காதீங்க... நாம மட்டும் என்ன? விசா கைக்கு வர்ற வரைக்கும் கூடப்பிறந்தவங்ககிட்டகூட சொல்ல மாட்டோம்.

இவன் கடலுக்குப் போயிருந்த நாளாப் பாத்து ஏட்டையா வந்தார். அந்தத் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எப்பவோ நடந்த படகுத் தகராறுல போலீஸ் வந்து ஆளுங்களை அள்ளிக்கிட்டுப் போனதுலேருந்து, காக்கிச்சட்டை வந்து யார் பேரைக் கேட்டாலும் தெரு மொத்தத்துக்கும் ஒரே பதில்தான். ஏட்டையாவும் எதுக்குன்னு சொல்லலை. "இன்னாசிங்கிற ஆள் இங்கே குடியிருக்கானா?"ன்னு மட்டும் கேட்டார்.

முதல் வீட்டுல பிரகாசியக்கா. மீன் விக்கிறவங்க. ஜெசிந்தா போனதுலேருந்து இன்னாசிக்குக் குழம்பு கொடுத்து விடுறதே அவங்கதான். முகத்துல ஒரு மாத்தமும் இல்லாம சொன்னாங்க: "தெரியாதுங்கய்யா."

அடுத்த வீடு... தெரியாது. எதிர் வீடு... தெரியாது. வெயில்ல வந்த மனுஷனாச்சேன்னு நன்னாரி சர்பத்தை வேற கையில கொடுத்துட்டு... தெரியாது. அந்த முகவரியில அப்படி ஒரு ஆளே இல்லைன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டார் ஏட்டையா.

சாயந்திரம் இன்னாசி கரைக்கு வந்தா, தெருவே ஓடி வருது. உன்னைக் காப்பாத்திட்டோம்டா, மூச்சு விடலை நாங்கன்னு ஆளாளுக்குப் பெருமை. அவன் அப்படியே மணல்ல உட்கார்ந்துட்டான். "அக்கா... அவர் என்னைப் பிடிக்க வரலைக்கா. நான் என் பிள்ளையைப் பாக்கப் போறதுக்கு வந்தார்"னு சொன்னான். பாஸ்போர்ட் விஷயத்தை அப்போதான் தெருவுக்கே சொன்னான்.

மறுநாள் காலையில... போலீஸ் ஸ்டேஷன் வாசப்படியையே மிதிக்காத தெரு, மொத்தமா அங்கே போய் நிக்குது. ஏட்டையாவுக்கு வந்ததே கோபம். "நேத்து தெரியாதுன்னீங்க. இன்னிக்குத் தெரியும்கிறீங்க. நான் எதை நம்புறது?"

நியாயமான கேள்விதானே? பிரகாசியக்கா மட்டும் முன்னாடி வந்தாங்க. மெதுவாச் சொன்னாங்க...

"ஐயா, தெரியாத ஆளுக்காக யாராவது போலீஸ்கிட்ட பொய் சொல்வாங்களா?"

ஏட்டையா எல்லாரையும் உட்காரச் சொல்லிட்டு, புதுசா ஒரு ரிப்போர்ட் எழுத ஆரம்பிச்சார்.

இன்னாசி போனான். மேகத்து மேலேதான் போனான். ஜன்னலுக்குக் கீழே கடல் தெரியுது, எங்கேயோ புள்ளியா ஒரு வள்ளம் ஆடுது, அதுல படுத்திருக்கிறதும் நான்தானோன்னு ஒரு நிமிஷம் மயங்கிப் போனான். மஸ்கட்டுல ஆஸ்பத்திரி. ஒரு கதவு. உள்ளே குழந்தை அழுவுது. தள்ளினான்... திறந்துச்சு.

இப்போ கண்ணைத் திறங்க. உங்களுக்கு வர்றேன்.

நாளைக்கே ஒரு ஏட்டையா இங்கே வர்றார்னு வைங்க. லிஃப்டுல ஏறி உங்க மாடிக்கு வந்து, உங்க காலிங் பெல்லை அடிச்சு, எதிர்வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கேக்குறார். என்ன சொல்வீங்க? தெரியாதுன்னு சொல்வீங்க. அந்தத் தெரு சொன்ன அதே பதில். ஆனா அங்கே அது பொய்... இங்கே அது உண்மை.

அந்த உண்மையை நினைச்சா எனக்கு வெக்கமா இருக்குங்க. உங்க பர்சுல எத்தனை அடையாள அட்டை வேணும்னாலும் இருக்கட்டும். இவர் எங்க ஆளுன்னு சொல்ல எதிர்வீட்டுல ஒருத்தர் இருக்காரா? விழா முடிஞ்சு சாப்பிட்டுட்டுப் போகும்போது, நேரா உங்க வீட்டுக்குள்ள போயிடாதீங்க. எதிர்வீட்டு வாசல்ல நில்லுங்க. பேரைக் கேளுங்க... உங்க பேரையும் சொல்லிட்டு வாங்க.